நினோய் அக்கினோவின் 500 பேசோ தாளில் தட்டச்சுப் பொறி இடம்பெற்றது ஏன்?

இளவழகன் கேட்டது:

பழைய பணத்தாள்களைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. அண்மையில் என் கைக்கு வந்த பிலிப்பைன்ஸ் நாட்டின் 500 பேசோ தாள் ஒன்று, ஆல்பத்துக்குள் போகாமல் ஒரு வாரமாக என் மேசையின் மீதே கிடக்கிறது. 1987இல் வெளிவரத் தொடங்கிய அந்த மஞ்சள் நிறத் தாளின் முகப்பில் மூக்குக்கண்ணாடி அணிந்த நினோய் அக்கினோவின் படமும், அதன் அருகில் பி.எஸ்.ஏ.ஜே. என்று அவர் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த ஒரு தட்டச்சுப் பொறியும் உள்ளன. பின்பக்கத்திலோ, ‘மணிலா டைம்ஸ்’ நாளிதழில் அவர் எழுதிய கொரியப் போர்ச் செய்தி ஒன்றின் தலைப்பையே அச்சிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் முதலாம் குதிரைப்படைப் பிரிவு 38ஆவது அகலக்கோட்டைப் பிளந்துகொண்டு முன்னேறியதைச் சொல்லும் செய்தி அது.

அவர் அன்றைய குடியரசுத் தலைவர் மார்க்கோஸை எதிர்த்து நின்ற செனட்டர் என்பதும், 1983இல் மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதும், அவருடைய மனைவி கொரசோன் 1986இல் குடியரசுத் தலைவரானார் என்பதும் நான் படித்து அறிந்தவையே. என் ஐயம் வேறு. நாட்டுக்காக உயிர் கொடுத்த ஓர் அரசியல்வாதியை நினைவுகூர முனைந்தவர்கள், மேடையையோ சிறைக்கம்பியையோ வரையாமல், தட்டச்சுப் பொறியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அவர் உண்மையில் எத்தனை ஆண்டுகள் செய்தியாளராக இருந்தார்? அந்தத் தொழில் அவருடைய அரசியலில் ஏதேனும் தடம் பதித்ததா, அல்லது ‘முன்னாள் பத்திரிகையாளர்’ என்பது அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஓர் அலங்காரம் மட்டும்தானா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மாறன் எழுதியது:

வணக்கம், இளவழகன். ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். அவர் முழுநேரச் செய்தியாளராக இருந்த காலம் 1950 தொடங்கி ஏறத்தாழ நான்கு ஆண்டுகளே. அதற்குப் பின் இறக்கும்வரை, சிறையிலும் அயல்நாட்டிலும் கழிந்த ஆண்டுகளையும் சேர்த்து, 28 ஆண்டுகள் அரசியல்வாதி. ஆனாலும் அந்தத் தட்டச்சுப் பொறி அங்கே இருப்பது சரிதான் என்றே நான் கருதுகிறேன்.

முதலில் அவர் எந்த நிலையில் அந்தத் தொழிலுக்கு வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய தாத்தா செர்விலியானோ அக்கினோ, ஸ்பெயினையும் பின்னர் அமெரிக்காவையும் எதிர்த்துப் போரிட்ட புரட்சிப் படையின் தளபதி. தந்தையோ, ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது அமைக்கப்பட்ட அரசில் தேசிய அவையின் தலைவராக இருந்து, போர் முடிந்ததும் தேசத்துரோகக் குற்றச்சாட்டைச் சுமந்தவர். வழக்கு முடியும் முன்பே, 1947 டிசம்பரில், குத்துச்சண்டைப் போட்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் காலமானார். ஆக, தாத்தாவால் பெருமையும் தந்தையால் பழியும் பெற்ற ஒரு குடும்பப் பெயரோடுதான் அந்தப் பையன் வளர்ந்தான். 1950இல் பிலிப்பைன்ஸின் பத்தாவது போர்ப் படைப்பிரிவு புசான் துறைமுகத்தில் இறங்கியபோது, ‘மணிலா டைம்ஸ்’ அந்தப் போருக்கு அனுப்பிய நிருபருக்கு வயது 17. தேசத்துரோகியின் மகன் என்று ஊரார் முணுமுணுத்த பெயர், போர்முனைச் செய்தியின் கீழே நாள்தோறும் அச்சாயிற்று. 18 வயதில் குடியரசுத் தலைவர் கிரினோவின் கையால் விருது பெற்றபோது, அந்தப் பெயரின் பழி ஏறத்தாழ நீங்கிவிட்டது என்றே சொல்லலாம். அரசியல் கண்கொண்டு பார்த்தால் இதுதான் அவருக்குப் பத்திரிகை தந்த முதல் சொத்து.

இரண்டாவது, 1954. மகசேசே விருதால் நமக்குப் பெயர் பழகிய ரமோன் மகசேசே அப்போது குடியரசுத் தலைவர். லூசோன் சமவெளியில் நிலமற்ற உழவர்களைத் திரட்டிப் போராடிய ஹுக் இயக்கத்தின் தலைவர் லூயிஸ் தாருக்கைக் காட்டில் தேடிச் சென்று பேட்டி எடுத்தவர், 21 வயது நிருபரான அக்கினோ. விரைவில் அவரே மகசேசேயின் தூதராகவும் மாறினார். சுமார் நான்கு மாதப் பேச்சுக்குப் பின், அந்த ஆண்டு மே 17 அன்று தாருக் காட்டைவிட்டு வெளியே வந்தார். அடுத்த ஆண்டே அக்கினோ தம் சொந்த ஊரான கொன்செப்சியோனின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இங்கே ஒரு சிறு வேடிக்கை. அந்தப் பதவிக்கு 23 வயது நிறைந்திருக்க வேண்டும். தேர்தல் நாளன்று அவருக்கு 19 நாள் குறைந்தது. உச்ச நீதிமன்றம் பதவியைப் பறித்தது. 1967இல் செனட்டுக்குப் போட்டியிட்டபோதும், 35 வயது நிறைய 13 நாள் இருக்கையில் வாக்குப்பதிவு நடந்தது. அதே வழக்கு மீண்டும் வந்தது, ஆனால் இம்முறை அவர் தப்பினார். நவம்பர் 27ஆம் தேதி பிறந்த ஒருவர், அப்போது நவம்பர் மாதத்தில் தேர்தல் வைத்த நாட்டில் அவசரக்காரராகவும் இருந்தால் இப்படித்தான் நேரும்.

தொழில் பதித்த தடம் எது என்று கேட்டீர்கள். 1968 மார்ச் 28 அன்று அவர் செனட்டில் ஆற்றிய ஜபிதா உரையைத்தான் நான் காட்டுவேன். மலேசியாவின் சபா மாநிலத்துக்குள் ஊடுருவுவதற்காக, சூலூ தீவுகளைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞர்களை மார்க்கோஸ் அரசு மணிலா விரிகுடாவின் வாயிலில் உள்ள கொரெகிடோர் தீவில் வைத்து இரகசியமாகப் பயிற்றுவித்தது; ஜபிதா என்பது அந்தப் படைக்கு இட்ட பெயர். மாதந்தோறும் தருவதாகச் சொன்ன படிப்பணம் வரவில்லை என்று அவர்கள் முறையிட்டார்கள். பின்னர் அவர்களுள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டதாக, குண்டடியோடு கடலில் நீந்தித் தப்பிய ஜிபின் அருலா என்ற இளைஞர் சாட்சி சொன்னார். எதிர்க்கட்சிச் செனட்டர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வேறென்ன வேண்டும்? அந்தச் சாட்சியத்தை அப்படியே படித்துவிட்டு அமர்ந்திருந்தாலே போதும். அக்கினோ அவ்வாறு செய்யவில்லை. அவர் சூலூவின் ஜோலோ நகருக்கே பறந்து சென்றார். கொல்லப்பட்டிருக்கலாம் என்று அஞ்சப்பட்ட முதல் குழுவினர் 24 பேரும் அங்கே உயிரோடு இருப்பதைக் கண்டார். மணிலா திரும்பி, தமக்குச் சாதகமான சாட்சியத்தில் எந்தப் பகுதி பொருந்தவில்லை என்பதையும் சேர்த்தே செனட்டில் சொன்னார். குற்றச்சாட்டின் வேகத்தைச் சற்றே குறைக்கக்கூடிய ஒரு செய்தியைத் தாமே தேடிச் சென்று கண்டுபிடித்து வெளியிடுவது அரசியல்வாதியின் குணம் அன்று. இரண்டாவது ஆளிடம் கேட்டுச் சரிபார்க்காமல் செய்தியை அனுப்பக் கூடாது என்று பழகிய நிருபரின் குணம்.

அவருடைய எல்லா உரைகளும் அந்தத் தரத்தில் இருந்தன என்று நான் சொல்ல வரவில்லை. 1969 பிப்ரவரியில், மார்க்கோஸின் மனைவி இமெல்டா எழுப்பிய கலாசார மையத்தைத் தாக்கிப் பேசிய உரையில் செய்தியைவிடச் சீண்டலே மிகுதி. அதற்கு மார்க்கோஸ் அவரைப் ‘பிறவிப் பொய்யர்’ என்று வைதார்.

கயல்விழி எழுதியது:

மாறன் அவர்களின் விளக்கத்தை விரும்பிப் படித்தேன். ஜபிதா உரையைப் பற்றிய கருத்தையும் பெரும்பாலும் ஏற்கிறேன். எனினும் இந்தக் கதையைச் சொல்லும் அனைவருமே, அறிந்தோ அறியாமலோ, மண்ணைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள் என்ற குறை எனக்கு உண்டு.

அக்கினோவின் சொந்த மாநிலமான தர்லாக், கரும்பும் நெல்லும் விளையும் நாடு. அங்கே அரசியல் என்பது நிலத்திலிருந்து முளைப்பது. அக்கினோ குடும்பம் நிலவுடைமைக் குடும்பம்; 1954 அக்டோபரில் அவர் மணந்துகொண்ட கொரசோனின் கோஹுவாங்கோ குடும்பமோ அதைவிடப் பன்மடங்கு செல்வம் படைத்தது. அவருடைய மாமனார், 1950களின் பிற்பகுதியில், அரசு நிறுவனத்தின் கடனுதவியோடு ஸ்பானியக் கம்பெனி ஒன்றிடமிருந்து லுயிசிதா பண்ணையை வாங்கினார். அதன் பரப்பு 6,000 ஹெக்டேருக்கும் மேல்; கரும்பு ஆலையும் அதனோடு சேர்ந்தது. அந்தப் பண்ணைக்கு முதல் நிர்வாகியாக அமர்த்தப்பட்டவர் நம் முன்னாள் நிருபர்தான். நிலத்தை உழவர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது கடனோடு வந்த நிபந்தனை. அது நிறைவேறவில்லை என்ற வழக்கு அவர் இறந்து பல்லாண்டுகளுக்குப் பின்னும் ஓயாமல் நடந்து, 2012இல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. 22 வயதில் மேயர், 27 வயதில் துணை ஆளுநர், 1961இல் ஆளுநர் என்று அவர் ஏறிய படிகளைப் பார்த்து, ‘எத்தனை இளமையில் எத்தனை உயரம்’ என்று வியப்பவர்கள், அந்தப் படிகளை யார் கட்டிவைத்திருந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். கொரியாவுக்குப் போன நிருபர்கள் வேறு பலரும் உண்டு. அவர்கள் எல்லாரும் ஆளுநராகவில்லை.

தாருக்கைப் பற்றிய பகுதியில்தான் எனக்கு நெருடல் அதிகம். பேட்டி எடுக்கப் போனவர் தூதராகத் திரும்பினார் என்பதை மாறன் இயல்பான வளர்ச்சிபோல் எழுதியிருக்கிறார். ஒரு தலைமறைவுத் தலைவர் நிருபரை நம்பித் தம் இருப்பிடத்துக்கு வர விடுகிறார் என்றால், அந்த நம்பிக்கை அந்த நிருபர் எந்தத் தரப்பின் ஆளும் அல்லர் என்பதன் மேல் நிற்பது. அதே ஆள் அரசின் சார்பில் சரணடைவைப் பேசி முடிக்கிறார்; வெளியே வந்தவர் நெடுங்காலம் சிறையில் கிடந்து 1968இல்தான் விடுதலையாகிறார். உள்நாட்டுப் போர் ஒன்று சற்றே தணிந்தது நல்லதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதைப் பத்திரிகைத் தொழிலின் சாதனையாகக் கணக்கில் எழுதக் கூடாது. அவர் தொழிலைவிட்டு வெளியேறியது மேயரானபோது அன்று. அந்தக் காட்டிலேயே வெளியேறிவிட்டார் என்பது என் கருத்து.

அருள்மொழி எழுதியது:

கயல்விழி அவர்கள் சொல்லும் நிலமும் குடும்பமும் 1972 செப்டம்பர்வரை பொருந்தும். மார்க்கோஸ் ராணுவச் சட்டத்தை அறிவித்த அன்று அவற்றால் எந்தப் பயனும் இல்லாமற்போனது என்பதால், அதற்குப் பிந்தைய பதினோரு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன். இளவழகன் கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மார்க்கோஸ் ஆட்கள் முதலில் கைது செய்தவர்களுள் ஒருவர், மணிலா ஹில்டன் விடுதியில் கூட்டமொன்றில் இருந்த அக்கினோ. அதே நாள்களில் நாளிதழ்களும் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களும் மூடப்பட்டன. ‘மணிலா டைம்ஸ்’ உரிமையாளரான ஹோவாக்கின் ரோசஸ் உட்படப் பத்திரிகைக்காரர்கள் பலர் சிறைப்பட்டார்கள். கொலை, சட்டவிரோத ஆயுதம், நாசவேலை ஆகிய குற்றச்சாட்டுகளோடு ராணுவ ஆணையத்தின் முன் நிறுத்தப்பட்ட அக்கினோ, குடிமகனான தம்மை விசாரிக்க அதற்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி, விசாரணையில் பங்கேற்க மறுத்தார். 1975இல் 40 நாள் உண்ணாநோன்பு இருந்தார். 1977 நவம்பரில் சுட்டுக் கொல்லும்படி தீர்ப்பு வந்தது, அது நிறைவேற்றப்படவில்லை.

செய்தித்தாளே இல்லாத நாட்டில் ஒரு முன்னாள் செய்தியாளர் என்ன செய்வார்? 1978 தேர்தலில் அவர் சிறைக்குள்ளிருந்தே ‘லாபான்’ என்ற கட்சியின் தலைவராக மெட்ரோ மணிலாவில் போட்டியிட்டார். வெளியே சென்று பரப்புரை செய்ய அனுமதி இல்லை. ஒரே ஒரு தொலைக்காட்சிப் பேட்டிக்கு மட்டும் அரசு இசைந்தது. (பேட்டி எடுத்தவர்களுள் ஒருவரான ரொனி நதானியல்ஸ் இலங்கையில் பிறந்து மணிலாவில் குடியேறிய விளையாட்டு வர்ணனையாளர் என்பது நம் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி.) ஐந்தாண்டுகளுக்கு மேல் கேட்காத அந்தக் குரலைக் கேட்கத் தலைநகர் மக்கள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தார்கள். ஒரு வினாவுக்கு எத்தனை நொடியில் விடை சொன்னால் அது மறுநாள் தெருவில் பேசப்படும் என்பது பேட்டி எடுத்துப் பழகியவருக்குத் தெரியாதா? ஏப்ரல் 6 இரவு, வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், மணிலாவில் சட்டி பானைகளைத் தட்டியும் வண்டி ஒலிப்பான்களை அழுத்தியும் மக்கள் எழுப்பிய ஓசை அந்தக் கட்சிக்கான ஆதரவாகவே ஒலித்தது. எண்ணிக்கையில் அதன் 21 வேட்பாளர்களும் தோற்றதாக அறிவிக்கப்பட்டது.

1980இல் இதய அறுவைச் சிகிச்சைக்காக அமெரிக்கா செல்ல விடப்பட்ட அவர், மூன்றாண்டுகள் பாஸ்டன் நகரத்தை அடுத்து வாழ்ந்து, 1983 ஆகஸ்டில் திரும்ப முடிவு செய்தார். அந்தப் பயணத்தை அவர் திட்டமிட்ட விதத்தைப் பாருங்கள். மார்சியல் பொனிபாசியோ என்ற பெயரில் ஒரு கடவுச்சீட்டு: முதல் பாதி ராணுவச் சட்டத்தை நினைவூட்டுவது, மறுபாதி அவர் அடைபட்டிருந்த பொனிபாசியோ கோட்டையின் பெயர். தலைப்பு எழுதிப் பழகிய கைதான் இப்படி ஒரு பொய்ப் பெயரைக்கூடப் படைக்கும். தைப்பேயிலிருந்து புறப்பட்ட சீனா ஏர்லைன்ஸ் 811 விமானத்தில் அவர் தம்மோடு காவலர்களை அழைத்து வரவில்லை; அமெரிக்க, ஜப்பானியச் செய்தியாளர்களையும் ஒளிப்பதிவாளர்களையும் அழைத்து வந்தார். எல்லாம் சில நிமிடங்களில் நடந்து முடிந்துவிடக்கூடும், கையில் கேமராவைத் தயாராக வைத்திருங்கள் என்று அவர்களிடம் எச்சரித்ததும் பதிவாகியிருக்கிறது.

ஆகஸ்ட் 21 அன்று படைவீரர்கள் விமானத்துக்குள் ஏறி அவரைப் பக்கவாட்டுப் படிக்கட்டு வழியாக அழைத்துச் சென்றார்கள். பின்தொடர்ந்த செய்தியாளர்களை வாசலில் தடுத்துவிட்டார்கள். கேமராக்களால் படிக்கட்டைப் பார்க்க முடியவில்லை. ஆனால் ‘டைம்’ இதழின் சாண்ட்ரா பர்ட்டன் கையிலிருந்த ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டே இருந்தது. அரசு, அருகில் கொல்லப்பட்டுக் கிடந்த ரொலாண்டோ கால்மன் என்பவர்தான் கொலையாளி என்றது. நாடாவில் பதிவான குரல்களும் வேட்டொலிகளும் அவற்றுக்கிடையே கழிந்த நொடிகளும் விசாரணைக் குழுவின் முன் வைக்கப்பட்டன. அதன் பெரும்பான்மை உறுப்பினர்கள் 1984இல் இது ராணுவத்தினரின் சதி என்றே முடிவு கூறினார்கள். ராணுவத் தலைமைத் தளபதி வெர் உள்ளிட்டோரை நீதிமன்றம் 1985 டிசம்பரில் விடுவித்தது. ஆட்சி மாறிய பின் நடந்த மறுவிசாரணையில், 1990இல், படைவீரர்கள் 16 பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஆணையிட்டவர் யார் என்பது மட்டும் இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை.

பத்து நாள் கழித்து நடந்த இறுதி ஊர்வலம் 11 மணி நேரம் நீண்டது. திரண்டவர்கள் இருபது இலட்சம்பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அரசுக்கு அஞ்சிய பெரிய நாளிதழ்களில் ஒன்று, ஊர்வலத்தை விட்டுவிட்டு, அதை வேடிக்கை பார்க்க வந்தபோது மின்னல் தாக்கி இறந்த ஒருவரைப் பற்றிய செய்தியை முகப்பில் முதன்மையாக்கியது. இப்படிப்பட்ட இதழியலைக் கண்டு வெறுத்த மக்களே ‘மலாயா’ போன்ற சிறு இதழ்களைத் தேடி வாங்கினார்கள். ‘கொசுப் பத்திரிகைகள்’ என்று அவற்றுக்குச் செல்லப் பெயர். 1985 டிசம்பரில் ‘இன்குவயரர்’ நாளிதழ் பிறந்ததும் இந்த வேகத்தில்தான். அவரோடு சிறையில் கிடந்த ரோசஸ், கொரசோன் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்க வேண்டும் என்று பத்து இலட்சம் கையொப்பம் திரட்டும் இயக்கத்தை நடத்தினார். 17 வயதில் அந்தப் பையனைப் போர்முனைக்கு அனுப்பிய அதே ‘மணிலா டைம்ஸ்’ ரோசஸ்தான்.

இளவழகன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கயல்விழி அவர்கள் காட்டிய காட்டையும் அருள்மொழி அவர்கள் காட்டிய விமானத்தையும் அடுத்தடுத்துப் படித்தபோது, முதலாவதில் செய்தியாளராகப் போய் அரசியல்வாதியாகத் திரும்பியவர், இரண்டாவதில் அரசியல்வாதியாகப் புறப்பட்டுத் தாமே செய்தியானார் என்று தோன்றியது. ஒரு துணைக்கேள்வி: அந்நாட்டில் இப்போதும் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் பலர் செனட்டுக்குப் போகிறார்களாமே, அவர்களும் இதே வழியில் வந்தவர்கள்தாமா?

மாறன் எழுதியது:

இல்லை, அது வேறு வழி. பிலிப்பைன்ஸ் செனட்டர்கள் தொகுதி இல்லாமல் நாடு முழுவதும் வாக்குப் பெற்றுத் தேர்வாகிறவர்கள். ஆகவே நாடு முழுவதும் அறிந்த முகமே அங்கே பாதி வெற்றி. தொலைக்காட்சி வந்த பின் அந்த முகத்தைச் செய்தி வாசிப்பு தந்தது. 1998இல் லோரன் லெகார்டா முதலிடத்தில் வென்றார். 2001இல் நோலி தெ காஸ்ட்ரோ செனட்டுக்கு வந்தார். 2004இல் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு இவ்விருவருமே எதிரெதிராக நின்றார்கள், இருவரும் ஒரே தொலைக்காட்சி நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். தெ காஸ்ட்ரோ வென்றார். 2022இல் வானொலி, தொலைக்காட்சிப் புகழ் பெற்ற ராஃபி துல்ஃபோ செனட்டரானார். இவர்களுடைய பணியைக் குறைத்துச் சொல்லவில்லை. லெகார்டாவின் சுற்றுச்சூழல் சட்டப் பணி தனியே எழுதத் தக்கது. ஆனால் நினோய்க்கு முன் சென்ற வழியைத் தேடினால், 1942இல் புலிட்சர் பரிசு பெற்று, 1949இல் ஐ.நா. பொது அவைத் தலைவராகி, பின்னர் வெளியுறவு அமைச்சராக இருந்த கார்லோஸ் ரோமுலோவிடம்தான் போய் நிற்க வேண்டும். அவர் மார்க்கோஸின் அமைச்சராகவே ராணுவச் சட்டக் காலத்தைக் கழித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரே தொழிலிலிருந்து புறப்பட்ட இருவர், ஒருவர் அமைச்சரவைக்கும் மற்றவர் சிறைக்குமாகப் பிரிந்தார்கள்.

கயல்விழி அவர்களின் திருத்தத்தை, தாருக்கைப் பொறுத்தவரை, ஏற்றுக்கொள்கிறேன்.

உங்கள் தாளைப் பற்றியும் ஒரு செய்தி. 2010இல் வந்த புதிய வரிசையில் 500 பேசோ தாளில் நினோயும் கொரசோனும் சேர்ந்து இடம்பெற்றார்கள். தட்டச்சுப் பொறி எடுக்கப்பட்டுவிட்டது. 2024 டிசம்பரில் வெளியான நெகிழித் தாளில் இருவருமே இல்லை, அவர்கள் இடத்தில் விசயா தீவுகளின் புள்ளிமான் நிற்கிறது. உங்களிடம் உள்ள பழைய வரிசையை மாற்றிக்கொள்ள 2017 இறுதிவரைதான் காலம் இருந்தது. எனவே அது இனி எந்தக் கடையிலும் செல்லாது. தயங்காமல் ஆல்பத்தில் வைத்துவிடலாம்.